வரி நோட்டைப் புரட்டு, வள்ளலைக் கண்டுபிடி!

திசையன்விளை,
கோவில் கொடை நெருங்கிவிட்டால் போதும், திசையன்விளை வட்டாரத்து ஊர்களில் ஒரு பழைய நோட்டு வெளியே வரும். பெயர், போன கொடைக்குக் கொடுத்த தொகை, பாக்கி. அவ்வளவுதான் அதில்!

தலைக்கட்டு வரி எல்லோருக்கும் ஒன்றுதான். பந்தலும் மேளமும் அதில் நடந்துவிடும். கோபுரம் எழும்புமா? அதற்குப் பெரிய கை வேண்டும். யாரிடம் கேட்பது? எவ்வளவு கேட்பது? அங்கேதான் நோட்டு பேசும்.

"மெட்ராஸ்ல ரெண்டாவது கடை தொறந்திருக்காவ, அண்ணாச்சிகிட்ட இந்தத் தடவ கூடக் கேளு." "அந்த வீட்டுல இப்பதான் கல்யாணம் முடிஞ்சிருக்கு, இப்பப் போவாத." இப்படி அடித்துத் திருத்திய கணக்குத்தான்.

இதையே வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கம்ப்யூட்டரில் செய்கின்றன. கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை தடவை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார். சொத்து என்ன, பங்கு என்ன? எல்லாவற்றுக்கும் மார்க் போட்டு, யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று வரிசை கட்டுகிறார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து!

10 லட்சத்தில் 2 லட்சம்

பெரிய கையின் மகிமை நம் ஜில்லாவுக்குப் புதிதல்ல. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்ற வியாபாரி ஒருவரே 8 ஆயிரம் பங்கு வாங்கினார். ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையில்! (அது நன்கொடை அல்ல, முதலீடு. வெள்ளைக்காரன் கப்பலை எதிர்த்துப் போட்ட பணம் என்பதால் துணிச்சல் இரண்டுக்கும் ஒன்றுதான்.)

ஹார்வர்டு தமிழ் இருக்கையும் அப்படித்தான். தேவை 60 லட்சம் டாலர். டாக்டர்கள் ஜானகிராமன், சம்பந்தம் இருவரும் 2015-ல் ஆளுக்கு 5 லட்சம் டாலர் எடுத்து வைத்தார்கள். தமிழக அரசு 2017-ல் 10 கோடி ரூபாய் அறிவித்தது. மீதிக்கு உலகெங்கும் சின்னச் சின்னத் தொகைகள். 2018-ல் இலக்கு நிறைந்தது. முதலில் அந்த இருவர் கை நீட்டாமல் இருந்திருந்தால்?

மாடி வீட்டைப் பார்த்து ஏமாறாதே!

வரி பிரித்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். பெரிய மாடி வீடாக இருக்கும். உள்ளே கடனும் பெரிதாக இருக்கும். ஓட்டு வீட்டுக்காரர் வருஷம் தவறாமல் கொடுத்திருப்பார். பணம் இருக்கிறதா என்பதோடு, கொடுக்கிற பழக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மனசு எந்தக் காரியத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பள்ளிக்கூடத்துக்கு அள்ளிக் கொடுப்பவர் பந்தலுக்குப் பத்து ரூபாய் தரமாட்டார்.

ஆனால் ஒருவர் வீட்டு வரவு செலவை அவருக்குத் தெரியாமல் குறித்து வைப்பது சரியா? 2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகச் சேர்க்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெறுவதையே பொது விதியாக வைத்திருக்கிறது. வெறும் காகிதத்தில் கிடக்கும் வரி நோட்டு அந்தச் சட்டத்தில் வராது. யாராவது ஒரு பையன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் வரும்!