நான்கு பேர், ஒரு பந்து: க்ளீவ்லேண்டு பிரவுன்ஸ் முகாமில் நடந்தது என்ன?

2025 ஜூலை கடைசியில் க்ளீவ்லேண்டு பிரவுன்ஸ் அணியின் பயிற்சி முகாம் தொடங்கியபோது, அமெரிக்க விளையாட்டுப் பக்கங்களில் அந்த அணியைப் பற்றி ஒரே கேள்விதான். இருக்கிற நான்கு குவார்ட்டர்பேக்குகளில் யார் முதல் ஆள்? ஜோ ஃப்ளாக்கோ, கென்னி பிக்கெட், டிலன் கேப்ரியல், ஷெடூர் சாண்டர்ஸ். நாற்பது வயதைத் தொட்டுவிட்ட ஒருவர், வேறோர் அணியின் பழைய முதல் சுற்றுத் தேர்வு ஒருவர், கல்லூரியை விட்டு அப்போதுதான் வந்த இரண்டு புதுமுகங்கள்.

நாம் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது, என்.எஃப்.எல். நடத்தும் அமெரிக்கக் கால்பந்து. ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் பந்தைக் கையில் வாங்கி, ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் இருப்பவருக்கு எறிவதா என்று இரண்டு மூன்று விநாடிகளில் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். மற்ற எந்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். இங்கே முடியாது. முந்தைய பருவத்தில் 3 வெற்றி, 14 தோல்வி என்று முடித்திருந்த பிரவுன்ஸுக்கு இது நன்றாகவே தெரியும். 1999இல் அந்த அணி மறுபடி உயிர்பெற்றதிலிருந்து 2024 முடியும் வரை 40 பேர் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள்.

முகாமின் கணக்கு எளிது, ஆனால் கொடியது. ஓர் அணி 90 பேருடன் முகாமுக்குள் போகலாம். ஆகஸ்ட் கடைசியில் குறித்த நாளுக்குள் (2025இல் அது ஆகஸ்ட் 26) அதை 53 ஆகக் குறைக்க வேண்டும். 32 அணிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,200 பேர் வீட்டுக்குப் போகிறார்கள். நான்கு பருவங்கள் நிறைவு செய்யாதவர்களை உடனே யாரும் ஒப்பந்தம் செய்துவிட முடியாது. மற்ற அணிகள் வரிசைப்படி ‘எனக்கு வேண்டும்’ என்று கேட்க ஒரு நாள் அவகாசம் உண்டு. யாரும் கேட்காதவர்களில் சிலரைப் பழைய அணியே 16 பேர் கொண்ட பயிற்சிக் குழுவில் சேர்த்துக்கொள்ளும். நீக்கப்படுபவரின் அறைக்கதவைத் தட்டி, ‘பயிற்சியாளர் கூப்பிடுகிறார், ஆட்டத் திட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்ல ஒவ்வோர் அணியிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘டர்க்’. இப்போது புத்தகம் கைக்கணினியாகிவிட்டது. தட்டும் சத்தத்துக்கு இருக்கும் பயம் அப்படியேதான் இருக்கிறது.

53 என்பது கேட்கப் பெரிய எண். தாக்குதல் வரிசைக்கு ஒன்பது பேர், தடுப்பு வரிசைக்கு ஒன்பது பத்து பேர், பின்களக் காவலுக்குப் பத்து பேர் என்று பிரித்துக்கொண்டே போனால் குவார்ட்டர்பேக்குக்கு மிஞ்சுவது இரண்டு இடம், மிஞ்சிப்போனால் மூன்று. நான்காவது ஆளை வைத்துக்கொண்டால், உதை ஆட்டங்களில் உயிரைக் கொடுத்து ஓடும் இளைஞர் ஒருவரை அனுப்பியாக வேண்டும்.

அப்படியிருக்க நான்கு பேர் எதற்கு? பதில் 2022 மார்ச்சில் இருக்கிறது. ஹூஸ்டனிலிருந்து டெஷான் வாட்சனை அழைத்துவர பிரவுன்ஸ் மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் எடுக்கும் உரிமையை) கொடுத்தது. போதாதென்று ஐந்தாண்டுக்கு 23 கோடி டாலர், அதுவும் முழுவதும் உத்தரவாதத்தோடு. அடிபட்டாலும் ஆடாவிட்டாலும் பணம் போய்ச் சேரும். 2024 அக்டோபரில் வாட்சனுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த ஜனவரியில் அதே தசைநாண் மறுபடியும். ஒவ்வோர் அணியும் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற சம்பள உச்சவரம்பு 2025இல் 27.92 கோடி டாலர். அதில் கணிசமான பங்கு ஆட முடியாதவருக்குப் போக, விலையுயர்ந்த குவார்ட்டர்பேக்கை வாங்க வழியில்லை. ஒரு நல்லவரை வாங்க முடியாததால் நான்கு மலிவானவர்களைச் சேர்த்தார்கள் என்பதுதான் என் வாசிப்பு. அதற்கு ‘போட்டி’ என்று பெயர் வைத்ததில் நிர்வாகத்தின் சாமர்த்தியம் தெரிகிறது.

ஃப்ளாக்கோ 2023 கடைசியில் இதே அணிக்கு வந்து, பிளே ஆஃப் வரை இழுத்துப் போனவர். பிக்கெட் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மார்ச்சில் வந்தார். ஏப்ரல் டிராஃப்டில் 94ஆவது இடத்தில் கேப்ரியலை எடுத்தார்கள். முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று பலரும் சொன்ன சாண்டர்ஸ், பழைய நட்சத்திரம் டியான் சாண்டர்ஸின் மகன், யாரும் எடுக்காமல் நழுவிக்கொண்டே வந்து ஐந்தாம் சுற்றில் 144ஆவது ஆளாக அதே அணிக்கு வந்து சேர்ந்தார். ரசிகர்களின் கண் அவர்மேல். பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியின் வரிசையில் அவர் நான்காவது.

இந்த இடத்தில்தான் முகாமைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே உண்மையான பற்றாக்குறை திறமைக்கு இல்லை, ‘ரெப்’புக்குத்தான். பதினொரு பேருக்கு எதிராகப் பதினொரு பேரை நிறுத்தி ஒரு நகர்வை ஆடிப் பார்க்கும் ஒரு முறைதான் ஒரு ரெப். கிரிக்கெட் மட்டையாளர் வலைக்குள் தனியாக, இயந்திரம் வீசும் பந்திலாவது நாள் முழுக்கப் பழகலாம். குவார்ட்டர்பேக்கால் முடியாது. எந்த ஆள் எந்த அடியில் திரும்புவான், நடுவரிசை ஆள் பந்தை எந்த வேகத்தில் தருவான், எதிராளி எந்தப் பக்கம் பாய்வான் என்பதெல்லாம் 21 பேர் கூட இருந்தால்தான் கைவரும். நாளுக்கு ஒரு பயிற்சி, அதற்குள் இத்தனை நகர்வு என்று கணக்கு உண்டு; வீரர்கள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படி பழைய காலம்போல் காலையும் மாலையும் முட்டிமோதப் பழக முடியாது. முதல் சில நாட்கள் தோள் கவசமே அணியக் கூடாது. வழக்கமாக முதல் ஆளுக்குப் பெரும்பங்கு, இரண்டாமவருக்குக் கொஞ்சம், மூன்றாமவருக்கு மிச்சம் மீதி. நான்கு பேர் என்றால் ஒருவருக்கும் வயிறு நிறையாது.

இதில் யாருக்கு எவ்வளவு என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதும் இல்லை. முகாம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிக்கெட்டுக்குத் தொடையின் பின்தசையில் காயம். பிறகு கேப்ரியலுக்கும் அதே இடத்தில் பிடிப்பு. அதனால்தான் ஆகஸ்ட் 8 அன்று கரோலைனாவுக்கு எதிரான முதல் முன்பருவ ஆட்டத்தை சாண்டர்ஸ் தொடங்கினார். 138 கெஜம் எறிந்து, இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது), ஊரெல்லாம் கொண்டாட்டம். சில நாட்களில் அவருக்கும் விலாப்புறத் தசை பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் 18 அன்று, அதிகம் மெனக்கெடாமலேயே, ஃப்ளாக்கோ முதல் ஆளாக அறிவிக்கப்பட்டார். பிக்கெட்டை ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு லாஸ் வேகஸ் ரெய்டர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

இத்தனை வாரம் எல்லோரும் குவார்ட்டர்பேக்கையே பார்த்துக்கொண்டிருக்க, வேறொரு கேள்வி ஓரமாகக் கிடந்தது: பந்தை உதைத்துப் புள்ளி சேர்க்கும் கிக்கர் யார்? டஸ்டின் ஹாப்கின்ஸ் 2023இல் 36 ஃபீல்டு கோல் முயற்சிகளில் 33ஐ உள்ளே அனுப்பியவர். 2024இல் 27க்கு 18 என்று சரிந்தார். முகாமில் அவருக்குப் போட்டியாக நின்றவர் ஆந்த்ரே ஸ்மிட், அதுவரை என்.எஃப்.எல். ஆட்டம் ஒன்றிலும் உதைக்காதவர். கல்லூரி நாட்களில் லூ க்ரோஸா விருது வாங்கியவர். க்ரோஸா யார் என்றால், இதே பிரவுன்ஸின் பெரும்புகழ் கிக்கர். 76ஆம் எண் சட்டைக்காரர். பெரீயா என்ற சிற்றூரில் இந்த முகாம் நடக்கும் வளாகத்தின் முகவரியே லூ க்ரோஸா சாலை, 76ஆம் எண். பொருத்தம் பார்த்து எடுத்ததுபோல் ஸ்மிட்டை வைத்துக்கொண்டு ஹாப்கின்ஸை அனுப்பினார்கள்.

பருவத்தின் முதல் ஆட்டம் சின்சினாட்டி பெங்கால்ஸோடு. டச்டவுனுக்குப் பிந்தைய ஓர் எளிய உதையை ஸ்மிட் தவறவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் 36 கெஜத்திலிருந்து இன்னொன்று, அதுவும் வெளியே. பிரவுன்ஸ் 16, பெங்கால்ஸ் 17. நாற்பது வயது ஃப்ளாக்கோ அன்று தன் வேலையைச் செய்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. இரண்டு வாரம் கழித்து கிரீன்பே பேக்கர்ஸுக்கு எதிராக அதே ஸ்மிட் 55 கெஜத்திலிருந்து கடைசி உதையில் 13-10 என்று வென்று கொடுத்தார். கிக்கர் பிழைப்பு அப்படி.

தாக்குதல் வரிசையும் முகாமுக்கு முன்பே கவலைக்கிடம்தான். ஓய்வு பெறலாமா என்று யோசித்துத் திரும்பி வந்த ஜோயல் பிட்டோனியோவுக்கு 33 வயது. அதே வரிசையின் டெல்லர், காங்க்ளின் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். குவார்ட்டர்பேக்கின் இடப்பக்கம் காக்க வேண்டிய டவாண்டு ஜோன்ஸ் முந்தைய பருவத்தில் கால் உடைந்தவர், 2025 பருவத்திலும் மூன்றாம் ஆட்டத்தோடு முழங்கால் போய் வெளியேறினார். காவலே இல்லாத இடத்தில் யாரை நிறுத்தினால் என்ன?

சில கேள்விகளுக்கு நல்ல பதிலும் கிடைத்தது. கழுத்துக் காயத்தால் ஆட முடியாத தடுப்பு வீரர் ஒவூசு-கோரமோவாவின் இடத்தைப் புதுமுகம் கார்சன் ஷ்வெஸிங்கர் நிரப்பினார். கல்லூரியில் உதவித்தொகைகூட இல்லாமல் தொடங்கியவர். ஜெரி ஜூடியைத் தவிர யார் பந்து பிடிப்பார்கள் என்ற கவலைக்கு ஹெரால்ட் ஃபானின் என்ற மூன்றாம் சுற்று இளைஞர் விடையானார்.

குவார்ட்டர்பேக் கதை பருவம் முழுக்க நீண்டது. நான்கு ஆட்டத்தில் இரண்டு டச்டவுன், எறிந்த பந்தை எதிரணியிடம் ஆறு முறை பறிகொடுத்தது என்றானதும் ஃப்ளாக்கோவை உட்காரவைத்து, அக்டோபரில் அதே சின்சினாட்டிக்கே அனுப்பிவிட்டார்கள். 1999இலிருந்து அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய 41ஆவது ஆளானார் கேப்ரியல். நவம்பர் 16 அன்று பால்டிமோருக்கு எதிராக அவர் தலையில் அடிபட்டு வெளியேற, சாண்டர்ஸ் இறங்கினார். அதுவரை முதல் அணியோடு பயிற்சியில் அவருக்குச் சரியாக ஒரு வாரம்கூடக் கிடைத்ததில்லை. எறிந்தது 16, போய்ச் சேர்ந்தது 4. அடுத்த வாரம் பயிற்சி முழுவதும் அவருக்கே. நவம்பர் 23 அன்று லாஸ் வேகஸில் 209 கெஜம் எறிந்து 24-10 என்று வென்றார். தடுப்பு அணி அன்று பத்து முறை எதிர்க் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஏழு நாளில் ஒருவருக்குத் திறமை முளைத்துவிடாது. மாறியது ரெப் மட்டுமே. அதை ஆகஸ்டில் நான்காகப் பிரித்ததற்குப் பதில் இரண்டாகப் பிரித்திருக்கலாம்.

கணக்கு 5 வெற்றி, 12 தோல்வி: ஃப்ளாக்கோ ஒன்று, கேப்ரியல் ஒன்று, சாண்டர்ஸ் மூன்று. தடுப்பு வரிசையில் மைல்ஸ் காரெட் 23 முறை எதிர்க் குவார்ட்டர்பேக்குகளைச் சாய்த்து ஒரு பருவத்துக்கான புதிய சாதனை படைத்தும் பயனில்லை. 2026 ஜனவரி 5 அன்று ஸ்டெஃபான்ஸ்கி நீக்கப்பட்டார். நான்கு பேரையும் சேர்த்துக் கொடுத்த பொதுமேலாளர் ஆண்ட்ரூ பெர்ரி பதவியில் நீடித்தார். வாட்சனின் ஒப்பந்தம் 2026 முடியும் வரை இருக்கிறது.