கஜானாவிலிருந்து கஜானாவுக்கு – 6: அழியாமல் கிடந்த தாள்

அரசு அமைப்பு மக்களின் விவரங்களைக் கசியவிட்டால் அதற்கு அபராதம். அந்த அபராதமும் கடைசியில் அரசுக் கஜானாவுக்கே. இந்தத் தொடர் ஐந்து வாரமாகச் சுற்றிவருவது இந்தச் செக்கைத்தான். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ‘எங்கள் அரசு அலுவலகங்களுக்கு அபராதமே கிடையாது’ என்று சட்டத்தில் எழுதிக்கொண்ட கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரத்துக்கு வாக்களித்திருந்தது, பிரிட்டனில் அபராதத்தைச் சீக்கிரம் கட்டியவர்களுக்குக் கிடைத்துவந்த 20 சதவீதத் தள்ளுபடி. நடுவில் ஓர் எக்செல் கோப்பு குறுக்கே வந்து நின்றுவிட்டது.

2023 ஆகஸ்ட். வட அயர்லாந்துக் காவல்துறைக்கு ஒரு மனு வருகிறது. நம்மூர் ஆர்டிஐ மாதிரிதான். எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது கேள்வி. ஒரு சின்ன அட்டவணையில் அடங்கிவிடுகிற பதில்.

அந்த அட்டவணையைத் தயாரித்த விதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பணியாளர் பதிவேட்டிலிருந்து மொத்த விவரத்தையும் ஒரு எக்செல் கோப்பில் இறக்கினார்கள். அதே கோப்பிலேயே புதிது புதிதாகத் தாள்களைத் திறந்து கூட்டிக் கழித்தார்கள். கணக்கு முடிந்ததும், கண்ணுக்குத் தெரிந்த தாள்களையெல்லாம் அழித்துவிட்டு, பதில் இருந்த தாளை மட்டும் விட்டுவைத்தார்கள். முதன்முதலில் இறக்கிய மூலத்தாள் மட்டும் அழியாமல் உள்ளே கிடந்தது. கோப்பு கைமாறி, சரிபார்க்கப்பட்டு, ஆகஸ்ட் 8 அன்று பொதுத்தளத்தில் ஏறும்வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. பழைய பீரோவை விற்கிறவர் தட்டுகளையெல்லாம் காலி செய்துவிட்டு ரகசிய அறையை மறந்துபோவது போல.

உள்ளே இருந்தது 9,483 பேரின் விவரம். குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம், பிரிவு. வேறு ஊராக இருந்தால் ‘போகட்டும், வீட்டு முகவரி இல்லையே’ என்று ஆறுதல் சொல்லியிருக்கலாம். அங்கே முடியாது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் அடியில் குண்டு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் காவலர்கள் அவர்கள். என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் அவர்களில் உண்டு. அன்று மாலைக்குள் கோப்பு நீக்கப்பட்டது. ஆனால், வட அயர்லாந்தை அயர்லாந்தோடு சேர்க்கக் கோரி, இன்னும் ஆயுதத்தைக் கைவிடாத குடியரசுவாதக் குழுக்களின் கைக்கு அது போய்விட்டது என்று அடுத்த வாரமே காவல்துறைத் தலைவர் சைமன் பைர்ன் ஒப்புக்கொண்டார். அவர் செப்டம்பரில் பதவி விலகியதையும் இந்தக் கசிவோடு முடிச்சுப்போடுவது வழக்கம்; உடனடிக் காரணமாக அமைந்தது இரண்டு காவலர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை பற்றிய வேறொரு நீதிமன்றத் தீர்ப்பு.

செப்டம்பர் கடைசியில் பிரிட்டனின் தகவல் ஆணையர் ஜான் எட்வர்ட்ஸ் எல்லா அரசு அமைப்புகளுக்கும் அறிவுரை அனுப்பினார். மூல எக்செல் கோப்புகளை அப்படியே வெளியிடுவதை உடனே நிறுத்துங்கள், சிஎஸ்வி போன்ற எளிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்பது அதன் சாரம். சிஎஸ்வி என்றால் வெறும் எழுத்தும் காற்புள்ளியும். அதில் ஒரே தாள்தான். ரகசிய அறைக்கு இடமில்லை.

சரியான யோசனைதான். ஆனால் 2019 டிசம்பர் 27 அன்று லண்டனில், புத்தாண்டு விருதுப் பட்டியலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முகவரியை வெளியே விட்டது சாட்சாத் ஒரு சிஎஸ்வி கோப்பு! புது மென்பொருளைத் தப்பாக அமைத்துவிட்டார்கள். அது முகவரியையும் சேர்த்தே கோப்பைத் துப்பியது. நேரமில்லை என்று மென்பொருளைத் தொடாமல் கோப்பை மட்டும் கையால் திருத்தினார்கள். கோப்பைப் புதுப்பிக்கும்போதெல்லாம் முகவரிகளும் திரும்ப வந்து உட்கார்ந்தன. 2 மணி 21 நிமிடத்தில் 3,872 முறை அது திறக்கப்பட்டது. பட்டியலில் பாடகர் எல்டன் ஜானும் உண்டு, கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸும் உண்டு. பட்டியலை வெளியிட்ட அமைச்சரவை அலுவலகத்துக்கு விதித்த 5 லட்சம் பவுண்டு அபராதம், அது மேல்முறையீட்டுக்குப் போன பிறகு, சமரசத்தில் 50,000 பவுண்டாகச் சுருங்கியது.

காவல்துறைக்கும் சுருங்கியது. 2024 அக்டோபரில் விதித்த அபராதம் 7.5 லட்சம் பவுண்டு. அரசு அமைப்பு என்ற சலுகை இல்லாவிட்டால் 56 லட்சம் பவுண்டு ஆகியிருக்கும். எளிய நடைமுறைகள் இருந்திருந்தாலே இதைத் தவிர்த்திருக்கலாம் என்று ஆணையர் அலுவலகம் சொன்னது. பணத்தட்டுப்பாட்டில் இருந்த காவல்துறை அபராதத்தைப் பற்றி வருத்தப்பட்டது; அதில் தப்பில்லை. ஆனால் அபராதம் வருவதற்கு முன்பே அது செய்த காரியங்கள் சிலவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். கசிவு நடந்த அன்றே பத்திரிகையாளர்கள் முன்னால் வந்து ஒப்புக்கொண்டது. பாதுகாப்புச் சாதனம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 500 பவுண்டு வரை கொடுத்தது. வெளியிலிருந்து அதிகாரியை வரவழைத்து விசாரிக்கச் சொன்னது. 37 பரிந்துரைகளோடு வந்த அந்த அறிக்கை பொதுவெளியில் வைக்கப்பட்டது. ஏதோ ஒரு தனிமனிதரின் ஒற்றைப் பிழையால் நடந்ததல்ல இது என்று அறிக்கை சொன்னதுதான் முக்கியம். நம் அலுவலகங்களில் முதல் நாளே ஒரு கிளார்க் சஸ்பெண்ட் ஆகியிருப்பார்.

நேர்மாறான உதாரணம் பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகம். 2021 செப்டம்பரில், தாலிபானுக்கு அஞ்சி வெளியேறக் காத்திருந்த ஆப்கானியர்கள் 245 பேருக்கு ஒரே மின்னஞ்சல். எல்லா முகவரிகளும் எல்லாருக்கும் தெரியும்படி. இரண்டு பேர் அத்தனை பேருக்கும் போகும்படி பதில் போட்டார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதிவிட்டார். அபராதம் 3.5 லட்சம் பவுண்டு. அந்தக் கசிவு நடந்து ஐந்தே மாதம். 2022 பிப்ரவரியில் அதே அமைச்சகத்திலிருந்து இன்னொரு விரிதாள். சுமார் 150 வரிசைகள்தான் இருக்கின்றன என்று நினைத்து அனுப்பியதில், கண்ணில் படாமல் கிடந்தவை முப்பதாயிரத்துக்கும் மேல். 18,714 விண்ணப்பதாரர்கள்.

விஷயம் 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக்கில் தலைகாட்டியபோது அமைச்சகம் ஓடியது நீதிமன்றத்துக்கு. கேட்டது சாதாரணத் தடை. கிடைத்ததோ, அப்படி ஒரு தடை இருக்கிறது என்று சொல்வதற்கே தடை. 2025 ஜூலை 15 வரை பெரும்பாலான ஆப்கானியர்களுக்குத் தங்கள் பெயர் வெளியே போனதே தெரியாது. தாலிபான் கையில் பட்டியல் சிக்கிவிடும் என்ற காரணத்தை முதல் சில வாரங்களுக்கு ஏற்கலாம். இரண்டு வருடத்துக்கு எப்படி ஏற்பது? இந்த இரண்டாவது கசிவுக்கு ஆணையர் அலுவலகம் அபராதமே விதிக்கவில்லை. ஒப்புக்கொண்ட காவல்துறை பணம் கட்டியது. வாயைத் திறக்காத அமைச்சகத்துக்கு ஒரு பைசா அபராதம் இல்லை.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். மத்திய அரசு அறிவிக்கிற அரசு அமைப்புகளை அந்தச் சட்டம் தொடவே தொடாது. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

தள்ளுபடி? இடம் தீர்ந்துவிட்டது. 2012இல் பிரைட்டன் மருத்துவமனை அறக்கட்டளைக்கு விதித்த 3,25,000 பவுண்டில் 20 சதவீதம் கழித்தால் 2,60,000. அழிக்கச் சொல்லிக் கொடுத்த ஹார்டு டிஸ்குகள், நோயாளிகளின் விவரங்களோடு இணைய ஏலத்தில் விலைபோயிருந்தன. அவற்றில் நான்கை வாங்கியது, அழிந்த தரவை மீட்டுத் தருவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு நிறுவனம். மிச்சம் அடுத்த வாரம்.