பயோட்டின் மாத்திரையும் முடி வளர்ச்சியும்

பயோட்டின் என்பது நீரில் கரையும் 'பி' தொகுதி உயிர்ச்சத்துகளுள் ஒன்று. பி7 என்றும் அழைக்கப்படும். முடி வளர்ச்சிக்கென மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் முதன்மையான சேர்மானம் இதுவே. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மைக்ரோகிராம் போதும். இம்மாத்திரைகள் பலவற்றில் இருப்பதோ 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை.

முடியுடன் தொடர்பு

1927இல் மார்கரெட் போவாஸ் எலிகளுக்குப் பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் புரத உணவாகக் கொடுத்து வந்தார். எலிகளின் தோலில் அழற்சி உண்டானது, முடியும் கொட்டியது. வெள்ளைக்கருவிலுள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினை இறுகப் பற்றிக்கொண்டு, குடல் அதை உறிஞ்சாதபடி தடுப்பதே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. முட்டையை வேகவைத்தால் அவிடின் செயலிழந்துவிடும். ஆகவே அவித்த முட்டை உண்போர் அஞ்ச வேண்டியதில்லை.

பயோட்டின் குறைந்தால் முடி உதிரும் என்பது இவ்வாறு உறுதியானது. ஆனால் குறைவில்லாதவருக்கு மேலும் கொடுத்தால் முடி கூடுதலாக வளரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. நிலக்கடலை, முட்டையின் மஞ்சள்கரு, ஈரல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றில் இச்சத்து உள்ளதால், வழக்கமான உணவு உண்போரிடம் குறைபாடு மிக அரிது. பயோட்டினிடேஸ் என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு இம்மாத்திரை உயிர்காக்கும் மருந்து.

பிறகு ஏன் பலர் பயன் கண்டதாகச் சொல்கிறார்கள்? டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் அது தானாகவே நின்றுவிடும். இடையில் மாத்திரை தொடங்கியவர் பெருமையை மாத்திரைக்கே கொடுத்துவிடுகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கவனிக்கப்படாத இரும்புச்சத்து

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. இதற்கு முதன்மைக் காரணமான இரும்புச்சத்துக் குறைவு முடி உதிர்வோடும் தொடர்புடையது. ஹீமோகுளோபின், பெர்ரிட்டின் ஆகிய இரண்டு இரத்தப் பரிசோதனைகளில் தெரிந்துவிடக்கூடிய இக்குறையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் பயோட்டின் வாங்கி விழுங்குவது வீண்செலவு. சோகையோ உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். சோதிக்காமல் இரும்பு மாத்திரையைத் தொடர்ந்து உண்பதும் சரியன்று.

பரிசோதனைகளில் ஏற்படும் பிழை

மிகுதியான பயோட்டின் சிறுநீரில் வெளியேறிவிடுவதால் தீங்கில்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் ஆய்வகங்களின் இரத்தப் பரிசோதனை முறைகள் சிலவற்றில் பயோட்டினே ஒரு கருவிப்பொருள். இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் முடிவுகள் தவறும். தைராய்டு இயல்பாக உள்ளவருக்கு அது மிகையாகச் சுரப்பதுபோல் அறிக்கை வரலாம். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். அவ்வாறு தவறிய ட்ரோபோனின் முடிவோடு தொடர்புடைய ஓர் இறப்பைக் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது.

பரிசோதனைக்கு முன் இம்மாத்திரையை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பது அளவைப் பொறுத்தது. தைராய்டு சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்கள் என்பர். நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குச் செல்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று அங்கே கேட்கும்போது, அழகுக்கான மாத்திரைதானே என்று விட்டுவிடாமல் இதையும் சொல்ல வேண்டும்.