ஏசி ஓடினால் பில் எவ்வளவு ஏறும்?

கள்ளக்குறிச்சியில் ஏசி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது இதைத்தான்: "கரண்ட் பில் எவ்வளவுங்க கூட வரும்?" கடைக்காரரும் ஏதோ ஒரு தொகையைச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை யூனிட் ஓடுகிறது என்பது தெரியாமல் அந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரே ஏசி, ஒரே நேரம் ஓடினாலும், அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் பில்லை வேறு வேறு அளவுக்கு ஏற்றும்.

காரணம், தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுகிறது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55.

இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அந்த 2.35 ரூபாய்ச் சலுகை, மொத்தம் 500 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான். தாண்டிவிட்டால் 101-லிருந்தே 4.70 என்று கணக்குப் போடுவார்கள். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பது 243 ரூபாய்!

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், ஃபேன், மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். பில் 705 ரூபாய். சித்திரையில் படுக்கையறைக்கு ஓர் ஏசி வருகிறது. இரவில் 8 மணி நேரம், 24 டிகிரியில், மணிக்குச் சராசரியாக 0.6 யூனிட் என்று வைத்தால், 60 நாளில் 288 யூனிட். மொத்தம் 588. பில் 2,779 ரூபாய். அதாவது ஏசிக்காக மட்டும் 2,074 ரூபாய், யூனிட்டுக்கு 7.20 விழுகிறது. பழைய பில்லை யூனிட்டால் வகுத்து, "சராசரி இரண்டரை ரூபாய்தானே" என்று நினைத்தவர் ஏமாந்துபோவது இங்கேதான். ஏசி எப்போதும் மேல்படியில்தான் உட்காருகிறது.

சரி, அந்த 0.6 எங்கிருந்து வந்தது? ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேரம் ஓட்டினால் ஆகும் கணக்கு. 800 என்று போட்டிருந்தால் 1,600-ஆல் வகுக்க, மணிக்கு அரை யூனிட். ஆனால் உங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பது ஸ்டிக்கருக்குத் தெரியாது. அதனால்தான் கொஞ்சம் கூட்டி வைத்தேன். உண்மை எண் வேண்டுமானால் மீட்டரையே கேட்கலாம். இரவு ஏசி போடும் முன் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, காலையில் அணைத்ததும் மறுபடி பாருங்கள். ஏசி போடாத ஓர் இரவிலும் அதே நேரத்துக்குப் பார்த்துக் கழித்தால், மிச்சம் இருப்பது ஏசியின் பங்கு.

அதே வீட்டில் இப்போது குறைத்துப் பார்ப்போம். வெப்பநிலையை 24-லிருந்து 27-க்கு உயர்த்தி, ஃபேனை மெதுவாகச் சுழல விடுங்கள். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். ரிமோட்டை எடுத்ததும் 16-க்கு இறக்குவதில் லாபம் இல்லை. அறை சூடாக இருக்கும்வரை எப்படியும் கம்ப்ரஸர் முழு மூச்சில்தான் ஓடும். 16 என்று வைத்தால் ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சி கடலிலிருந்து தள்ளி இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. சென்னை, கடலூர் போல இங்கே கோடைக் காற்றில் அவ்வளவு ஈரம் இல்லை. வியர்வை சீக்கிரம் காய்வதால் 27 டிகிரியும் ஃபேனும் போதும்.

மூன்று டிகிரியில் 18 சதவீதம். விடியற்காலை ஒரு மணி நேரம் முன்னதாக அணையும்படி டைமர் வைத்தால் 8 மணி 7 மணி ஆகிறது. இரண்டும் சேர்ந்து 288 யூனிட் 207 ஆகும். வீட்டின் மொத்தம் 507. பில் 2,099 ரூபாய். இன்னும் ஏழு யூனிட்தான் பாக்கி, ஆனால் அந்த ஏழுக்குள் 294 ரூபாய் இருக்கிறது. பழைய 75 வாட் ஃபேன் ஒன்றைக் கழற்றிவிட்டு 35 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், நாளுக்கு 12 மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்தில் 29 யூனிட் குறையும். 478 யூனிட், 1,666 ரூபாய். முதலில் வந்த பில்லிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. யாரும் வியர்த்துக்கொண்டு படுக்கவும் இல்லை.

கூரையைப் பற்றி இங்கே நிறையச் சொல்ல வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு வெகுநேரம் வரை கீழே உள்ள அறைக்குள் அனலை இறக்கிக்கொண்டிருக்கும். ஏசியின் வேலையில் பெரும்பங்கு அதோடு மல்லுக்கட்டுவதுதான். பொங்கலுக்குச் சுவருக்கு அடிக்க வாங்கும் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்துவைத்து, பங்குனியில் மொட்டை மாடிக்கு இரண்டு கோட் அடியுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரைந்துபோகும், உண்மைதான்; ஆனால் மழை வந்தபின் அது தேவையுமில்லை. நிலைத்து நிற்க வேண்டுமென்றால் வெள்ளைக் கூல் ரூஃப் பெயிண்ட் அல்லது வெள்ளை டைல்ஸ். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டி கட்டுவதும், உள்ளே திரை போடுவதைவிட நல்ல பலன் தரும். வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுக்கப்பட வேண்டும்.

கல்வராயன் மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய இரண்டு டிகிரி குறையும். அங்குள்ள வெள்ளிமலையில் இரவுக்கு ஃபேனே போதும்.

ரீடிங் தேதியையும் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்திலும் ஜூன் தொடக்கத்திலும் எடுக்கிறார்களென்றால், கடும் வெயிலின் இரண்டு மாதமும் ஒரே பில்லில் விழும். மே தொடக்கத்தில் எடுத்தால் அது இரண்டு பில்லாகப் பிரிந்து, இரண்டுமே 500-க்குள் நிற்க வாய்ப்பு உண்டு. தேதியை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் ரீடிங் எடுக்கப் பத்து நாள் இருக்கும்போது மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்தால், எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக சர்வீஸ். ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றித் தண்ணீரில் கழுவலாம். தூசி அடைத்தால் காற்று குறையும், ஓடும் நேரம் கூடும். "கேஸ் குறைஞ்சிருக்கு, வருஷா வருஷம் போடணும்" என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் செலவாகும் பொருள் அல்ல. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. முதலில் அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், பிறகு நிரப்பட்டும்.