கெட்டிக்கார எலிகளை உருவாக்க முடியுமா?

அதிகம் பால் தரும் பசுவையும் அதிகம் முட்டையிடும் கோழியையும் தெரிவுசெய்து இனம் பெருக்குவது பண்ணையாளர்களுக்குப் பழகிய வேலை. அறிவையும் அப்படிப் பெருக்க முடியுமா என்று எலிகளை வைத்துச் சோதித்தவர், அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர் றொபேர்ட் ட்ரையோன்.

1920களில் அவர் ஆரம்பித்த பரிசோதனை எளிமையானது. 17 இடங்களில் வழி பிரியும் ஒரு புதிர்ப்பாதை. அதன் முடிவில் உணவு. ஒவ்வொரு எலியும் எத்தனை தடவை தவறான வழியில் நுழைகிறது என்று எண்ணப்பட்டது. குறைவாகத் தவறியவை தமக்குள்ளேயும், அதிகம் தவறியவை தமக்குள்ளேயும் இனம் பெருக்க விடப்பட்டன. 7ஆவது சந்ததியளவில் இரு கூட்டங்களும் ஏறக்குறைய முழுமையாகப் பிரிந்துவிட்டன. ஒன்றுக்கு 'கெட்டிக்கார எலிகள்' என்றும் மற்றதற்கு 'மந்த எலிகள்' என்றும் பெயர் வந்தது.

அறிவு பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்பதற்கு இதுவே சான்று எனப் பலர் கருதினர். ஆனால் 1949இல் சேர்ல் என்ற ஆய்வாளர் அதே எலிகளை வேறு சோதனைகளுக்கும் உட்படுத்தினார். எல்லாவற்றிலும் 'கெட்டிக்கார' எலிகள் முந்தவில்லை. அவை உணவுக்காகக் கூடுதலாக முயன்றன. 'மந்த' எலிகளோ கருவிகளைக் கண்டு மிரண்டன. ஆக, ட்ரையோன் பெருக்கியது பொதுவான அறிவை அல்ல, அந்தப் பாதையில் வெல்ல உதவிய இயல்புகளைத்தான்.

அடுத்த கேள்வி வளர்ப்புச் சூழல் பற்றியது. 1958இல் கனடாவில் கூப்பரும் சூபெக்கும், இதேபோல் பிரித்தெடுக்கப்பட்ட வேறு இரு எலி வம்சங்களை ஆராய்ந்தனர். விளையாட்டுப் பொருட்கள் நிறைந்த கூட்டில் வளர்ந்த 'மந்த' எலிகள், 'கெட்டிக்கார' எலிகளுக்கு ஏறக்குறையச் சமமாகச் செய்தன. வெறுங்கூட்டில் வளர்ந்தபோது இரண்டுமே அதிகம் தவறின.

1963இல் றோசந்தாலும் ஃபோடும் வெளியிட்ட ஆய்வு வம்சத்தையே விலக்கிவிட்டது. சாதாரண எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலருக்கு 'இவை கெட்டிக்கார வம்சம்' என்றும் ஏனையோருக்கு 'இவை மந்த வம்சம்' என்றும் சொன்னார்கள். எலிகளுக்கிடையே வேறுபாடு எதுவும் இல்லை. இருந்தும் 'கெட்டிக்கார' எலிகளே சிறப்பாக ஓடின. அவற்றை வைத்திருந்த மாணவர்கள் அவற்றை அதிகம் கையிலெடுத்தார்கள், மென்மையாகவும் நடத்தினார்கள்.

பிள்ளைகள் விடயத்திலும் இது நடக்குமா என்று றோசந்தால் பின்னர் ஒரு கலிபோர்னியப் பாடசாலையில் ஆராய்ந்தார். 1968இல் வெளியான அந்த முடிவுகள் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இந்த ஆய்வுகள் எதுவும் கூறவில்லை. ஆனால் ஒரே ஒரு சோதனையின் புள்ளிகளை வைத்து ஓர் உயிரை 'மந்தம்' என்று ஒதுக்குவதற்கு, எலிகளிடத்தில்கூட ஆதாரம் கிடைக்கவில்லை.