இன்டர்னல் மார்க் போடாத மேடம்

கல்லூரியில் எங்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ‘லைஃப் ஸ்கில் மேடம்’, அவ்வளவுதான். கெஸ்ட் லெக்சரருக்காவது ஸ்டாஃப் ரூமில் ஒரு நாற்காலி உண்டு. வாரம் ஒரு மதியம் வந்துபோகிற எங்களுக்கு கேட்டில் விசிட்டர் நோட்டு! “யாரப் பாக்கணும்?” என்பார் வாட்ச்மேன் அண்ணன். “பிள்ளைகளைத்தான்ணே” என்றால் ஒரு சிரிப்பு. மதுரையில் இப்படிப் பகுதிநேரமாக வகுப்பெடுக்கப் போய்வருகிறேன். இதன் உள்பக்கம் இருக்கிறதே, அடேயப்பா! வாருங்கள், பின்பெஞ்சில் இடம் போட்டிருக்கிறேன்.

காகிதத்தில் பார்த்தால் எல்லாம் படு கம்பீரம். உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியல் போட்டுத் தந்திருக்கிறது. தன்னை அறிவது, முடிவெடுப்பது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என்று போகும். யு.ஜி.சி. 2019இல் ‘ஜீவன் கௌஷல்’ என்று பாடத்திட்டமே வெளியிட்டது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிய பிறகு, எங்களைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குப் புதுமுகமும் இல்லை.

நடைமுறையில்? மதியம் இரண்டு மணி. தயிர்சாதம் உள்ளே இறங்கி வேலையைக் காட்டுகிற நேரம். மூன்று டிபார்ட்மெண்ட் பிள்ளைகளை ஒரே ஹாலில் அடைத்திருப்பார்கள். ஏ.வி. ரூம் சாவி யாரிடமோ இருக்கும். அவர் சாப்பிடப் போயிருப்பார். சாவி வந்தால் கேபிள் சேராது, கேபிள் சேர்ந்தால் கரண்ட் போகும். அதனால் ஸ்லைடுகளுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டேன். ‘தலைமைப் பண்பு’ என்று சிங்கம் படம் போடுகிற ஸ்லைடு இல்லாததால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

என் பையில் இருப்பதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்த செக் தாள்கள். ஆளுக்கொன்று கொடுத்து, “எனக்கு ஐயாயிரம் ரூபாய் எழுதிக் கொடுங்க” என்றதும் ஹாலே முழித்துக்கொள்ளும். பி.காம். மூன்றாம் வருடம்! 1881ஆம் வருட நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் ஆக்டைப் பத்து மார்க்குக்குப் பிளந்துகட்டுகிற கூட்டம். செக்கைக் கையில் தொட்டவர்களோ அபூர்வம். இடதுபக்க மேல்மூலையில் இரண்டு கோடு எதற்கு, தொகையை எழுத்தில் எழுதும்போது முன்னால் ஏன் இடம் விடக்கூடாது, மூன்று மாதம் கடந்தால் செக் ஏன் செல்லாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சலசலப்பு.

அப்புறம் கையெழுத்து. ஆஹா, அதுதான் உச்சக்கட்டம்! “மேம், எந்த சைன் போடணும்?” ஸ்காலர்ஷிப்புக்காகப் பள்ளியில் கணக்குத் தொடங்கியபோது பெயரை முத்து முத்தாக எழுதியதுதான் பல பேருக்கு பேங்கில் இருக்கிற கையெழுத்து. இப்போது போடுவது சுழித்துச் சுழித்து, அடியில் இரண்டு புள்ளி வைத்த சினிமா ஸ்டார் கையெழுத்து. “ரெண்டும் ஒத்துப்போகலைன்னா செக் திரும்பிடும்ப்பா” என்றேனோ இல்லையோ, ஹால் முழுக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் தலையைக் கவிழ்த்து ஒரே கையெழுத்துப் பயிற்சி. ஹெச்.ஓ.டி. எட்டிப்பார்த்துவிட்டு, “எவ்வளவு அமைதி!” என்று வியந்துபோனார்.

யு.பி.ஐ.யும் இப்படித்தான். “நமக்குப் பணம் வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டியதே இல்ல. போடச் சொன்னா அது ஏமாத்து வேலை” என்றதும் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்ப எங்க மாமாவுக்குப் போனது போனதுதானா மேம்?” போர்டில் 1930 என்று பெரிதாக எழுதினேன். பணம் போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூப்பிட வேண்டிய சைபர் குற்ற உதவி எண். உடனே கூப்பிட்டால் பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க வழியுண்டு.

நிஜமான கூத்து கடைசிப் பதினைந்து நிமிடம். ஒரு பழைய முறுக்கு டப்பா சுற்றிவரும். பெயர் போடாமல் துண்டுச்சீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ‘இன்டர்வியூல சம்பளம் எவ்ளோ எதிர்பார்க்கிறீங்கன்னா எவ்ளோ சொல்லணும்?’ ‘ரூம்மேட் ரெண்டாயிரம் வாங்கிட்டுத் தரமாட்டேங்குறான். சண்டை வராம கேக்குறது எப்படி?’ ‘நீங்க லவ் மேரேஜா?’ (பதில் சொல்லப்பட மாட்டாது!)

இதையெல்லாம் உங்கள் துறை ஆசிரியர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று ஒருமுறை விசாரித்தேன். ஒருத்தி பட்டென்று சொன்னாள்: “அவங்க கையில 25 மார்க் இருக்கு மேம். உங்க கையில ஒண்ணுமில்ல.” பாராட்டா, வாரலா தெரியவில்லை. பாராட்டென்றே வைத்துக்கொண்டேன்! ஊர் பேர் இல்லாத விசிட்டர் என்பதால்தான் இந்த டப்பா நிறைகிறது.

சில சீட்டுகளைச் சத்தமாகப் படிக்க முடியாது. ‘நாலு நாளா தூக்கமே இல்ல’ என்று மட்டும் ஒன்றில் இருந்தது. எழுதியது யாரென்று கண்ணால்கூடத் தேடவில்லை. வழக்கமான அறிவிப்பு மாதிரி போர்டில் 14416 என்று எழுதி, “இது டெலி மனஸ். மனசு சரியில்லன்னா எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. எல்லாரும் எழுதிக்கோங்க” என்றேன். எல்லாரும் எழுதும்போது அந்த ஒருவரும் கூச்சமில்லாமல் எழுதிக்கொள்ளலாம் அல்லவா? வகுப்பு கலைந்ததும் கவுன்சலிங் பொறுப்பாசிரியரிடம் அந்தச் சீட்டு விஷயத்தையும் என் மொபைல் நம்பரையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

போன வாரம் டப்பாவின் அடியில் மடித்து மடித்துச் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சீட்டு. ‘மேம், சட்டைப் பட்டன் தைக்கச் சொல்லித் தாங்க. இப்படிக்கு, ஹாஸ்டல் பசங்க அனைவரும்.’ குன்னத்தூர் சத்திரத்துக் கடையில் ஊசி பாக்கெட்டும் நூல்கண்டும் வாங்கியாயிற்று. இத்தனை ஊசியை வாட்ச்மேன் அண்ணன் உள்ளே விடுவாரா என்பதுதான் இப்போதைய கவலை!