அடுப்பை வீட்டில் விட்டுவிட்டுச் சுற்றுலா போவோம்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எமது வீடுகளில் "இந்த முறை எங்க போவம்?" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளைகள் கடல் என்பார்கள். தகப்பன் மலையகம் என்பார். மாமி கோயில் என்பார். அம்மா எங்கே போக விரும்புகிறார் என்று கேட்கும் வீடுகள் குறைவு. கேட்டாலும், "நீங்கள் எங்க எண்டாலும் எனக்குச் சரி" என்பதே அநேகமாக அவரது பதிலாக இருக்கும். இந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை ஒரு சுற்றுலா முடிந்த பிறகுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

2017 ஆம் ஆண்டு, வவுனியா மாவட்டத்தில் நான் பணிபுரிந்த கிராமம் ஒன்றின் பெண்கள் சிறுசேமிப்புக் குழு, மாதாமாதம் சேர்த்த பணத்தில் குடும்பங்களோடு திருகோணமலைக்குச் சுற்றுலா போனது. ஒரு பஸ், பெரியவர்களும் பிள்ளைகளுமாக 46 பேர், இரண்டு இரவுகள். செலவைக் குறைப்பதற்காக மடம் ஒன்றில் தங்கினோம். அரிசி, பருப்பு, கிடாரம், அகப்பை எல்லாம் எம்மோடு பஸ்ஸில் ஏறின. எல்லோரும் மகிழ்ச்சியாகத் திரும்பினோம் என்றே நான் அறிக்கையும் எழுதினேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில், சுற்றுலாவில் பிடித்தது எது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். மூன்று பிள்ளைகளின் தாயான ஓர் அக்காவின் முறை வந்தது. "பார்த்ததோ மிஸ்? மடத்துக் கிணறும் அடுப்பும்தான் பார்த்தனான். கன்னியாவில ஏழு கிணறு இருக்கெண்டு பிள்ளையள் வந்து சொல்லித்தான் தெரியும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது இன்னும் மூன்று பேர் "நானும் போகேல்லை" என்றார்கள்.

அலுவலகம் திரும்பியதும் பயணத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: "காலை 9.00 - கன்னியா, எல்லோரும். மதியச் சமையல் - பெண்கள் 6 பேர்." ஆறு பேர் அடுப்படியில் நிற்கும்போது "எல்லோரும்" எப்படிக் கன்னியாவில் நிற்கலாம்? சமூகவியல் படித்த எனக்கு அன்று அந்தக் கேள்வி எழவேயில்லை.

ஓய்வும் ஓர் உரிமையே

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் 1989 இல் வெளியிட்ட நூலொன்றில், தொழில் முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வீட்டு வேலை இரண்டாவது தொழில்நேரமாகக் காத்திருக்கிறது என்று காட்டினார். எமது பெண்கள் பலருக்குச் சுற்றுலா மூன்றாவது தொழில்நேரமாகிவிடுகிறது. அதே சமையல், அதே உடுப்புத் துவைத்தல், அதே பிள்ளை பராமரிப்பு. இடம் மட்டும்தான் வேறு. தெரியாத இடத்தில் தண்ணீருக்கும் விறகுக்கும் அலைவதால் வேலை இன்னும் கூடிவிடுகிறது.

1948 ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் அதன் 24 ஆம் உறுப்புரையில் ஓய்வை ஒவ்வொருவரினதும் உரிமையாகக் கூறுகிறது. இலங்கை 1981 இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான சமவாயமும் பொழுதுபோக்கில் பெண்ணுக்குச் சம பங்கு உண்டு என்கிறது. ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வருடாந்த லீவு இருக்கிறது. வீட்டில் வேலை செய்பவருக்கு அதைக் கொடுக்க வீட்டார்தான் இருக்கிறார்கள்.

மறுபடியும் திருகோணமலை

2018 இல் அதே ஊருக்கே மறுபடியும் போவதென்று குழு முடிவெடுத்தது. இம்முறை திட்டமிடும் கூட்டத்துக்குக் கணவன்மாரையும் அழைத்தோம். "மூண்டு நேரமும் கடையில சாப்பிடக் காசு எங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு இரவை ஓர் இரவாகக் குறைத்தோம். காலைக்கும் இரவுக்கும் இடியப்பம், புட்டு. மதியத்துக்குத் திருகோணமலையில் வீட்டிலிருந்து சமைத்துக் கொடுக்கும் பெண்களிடம் சோற்றுப் பார்சல். எமது செலவு இன்னொரு பெண்ணின் வருமானமாயிற்று. தேநீர் போடுவதும் கடற்கரையில் சிறுவர்களைப் பார்ப்பதும் ஆண்களின் பொறுப்பு.

எதிர்ப்பு ஆண்களிடமிருந்து மட்டும் வரவில்லை. "வெளிச் சாப்பாடு பிள்ளையளுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று மாமிமார் சொன்னார்கள். பஸ் புறப்பட்ட பிறகு பார்த்தால், அந்த அக்காவின் பையிலேயே ஒரு பொட்டலம் கறித்தூள் இருந்தது! வேலை செய்யாமல் இருப்பது குற்றம் என்று எமக்குள் ஊறிப்போன எண்ணத்தை ஒரு கூட்டத்தில் நீக்கிவிட முடியாது.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை சுமார் 100 கிலோமீற்றர். நகரை அடையுமுன்பே கன்னியா வந்துவிடும். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம். நகரத்தில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரெட்றிக் கோட்டைக்கு உள்ளாகச் செல்கிறது. அங்கு புள்ளிமான்கள் பயமின்றி நடமாடும். சாப்பிட்ட பொலித்தீனை அங்கே எறிந்துவிட்டு வராதீர்கள். மான்கள் அதைத் தின்றுவிடும். சம்பந்தர் பாடிய அந்தத் தலம் கடலுக்கு மேலே செங்குத்தான பாறையில் இருக்கிறது. அங்கிருந்து கடலைப் பார்க்க மாமிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு விருப்பம்.

நகருக்கு வடக்கே நிலாவெளி. அதற்கு எதிரே கடலில் இருக்கும் புறாத்தீவு 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. படகில் போகிறவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்தே ஏற வேண்டும். பவளப் பாறைகளின் மீது கால் வைக்கக்கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை இக்கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இங்கு கடலில் இறங்குவது ஆபத்து.

கன்னியாவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இறந்த தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தைக் குத்தி இந்த ஊற்றுக்களை உண்டாக்கினான் என்பது ஐதீகம். இன்றும் பெற்றோரின் அந்தியேட்டிக்குச் சைவர்கள் அங்கு வருவதுண்டு. இந்தக் கதையை வயதான ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவின் மூத்த மகன், 16 வயதுப் பையன், கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்து, ஏழு கிணறுகளிலும் ஒவ்வொன்றாக அள்ளித் தாயின் தலையில் ஊற்றினான். "சூடு காணுமோ அம்மா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். அக்கா கண்ணைத் துடைத்ததைத் தண்ணீர் மறைத்துவிட்டது.

கணவனும் மனைவியுமாக

குடும்பமாகப் போவது ஒருபுறமிருக்க, தம்பதியர் தனியே போவது எமது ஊர்களில் புதுமணத் தம்பதியருக்கு மட்டும் உரிய சங்கதியாகக் கருதப்படுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் 2008 இல் கிளிநொச்சிப் பக்கத்தில் திருமணம் செய்தவர்கள். அந்தக் காலத்தில் அவர்கள் போன பயணமெல்லாம் இடப்பெயர்வுதான். 2009 இல் செட்டிகுளம் முகாமில் கூடாரத்தில் மூத்த பிள்ளை பிறந்தது. பிறகு வீடு, கடன், பிள்ளைகளின் படிப்பு. பதினைந்து ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து பஸ் ஏறியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும்தான் என்றார் மனைவி.

2023 ஓகஸ்டில் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு மூன்று நாட்கள் நுவரெலியா போனார்கள். "இந்த வயசில என்ன ஊர் சுத்தல்?" என்று அயலில் கதை வந்தது. அவர் போகாமல் விடவும் பார்த்தார். தங்கைதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். கண்டி வரை பஸ், அங்கிருந்து நானுஓயா வரை புகையிரதம். சீதா எலிய அம்மன் கோயில், அதற்கு அப்பால் ஹக்கல பூங்கா. மலேரியாவுக்கு மருந்தான சிங்கோனாவைப் பயிரிடுவதற்காக 1861 இல் தொடங்கப்பட்ட இடம் அது. குளிருக்குத் தெருக்கடையில் இரண்டு கம்பளித் தொப்பி வாங்கியதுதான் பெரிய செலவு.

திரும்பி வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடனும் பிள்ளையளும் இல்லாத கதையும் அவரிட்ட இருக்கு மிஸ். கலியாணத்துக்கு முதல் அவர் பாடுவாராம். எனக்கு இப்பதான் தெரியும்" என்றார்.

மலையகம் போக எண்ணுபவர்களுக்கு ஒரு சொல். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி மலையகத்தையும் அதன் புகையிரதப் பாதையையும் கடுமையாகத் தாக்கியது. புறப்பட முன்னர் புகையிரத நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சாளரத்தால் தெரியும் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் எம்மைப்போல் உழைக்கும் பெண்கள். அவர்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

ஒரு நாளுக்கு மன்னார்

இரவு தங்க வசதியில்லாதவர்கள் ஒரு நாளிலும் போய் வரலாம். வவுனியாவிலிருந்து மன்னார் சுமார் 80 கிலோமீற்றர். பாலாவித் தீர்த்தக்கரையில் திருக்கேதீச்சரம். தீவுக்குள் பழைய கோட்டை. பள்ளிமுனையில் 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவு கொண்ட பெருக்கமரம். பிள்ளைகள் கைகோர்த்து நின்று அதனை அளந்து பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரையான காலத்தில் வங்காலைப் பறவைகள் சரணாலயப் பக்கம் பூநாரைகளைக் கூட்டமாகக் காணும் வாய்ப்புண்டு. வடக்கின் சில ஊர்களில், மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் "அம்மாச்சி" உணவகங்கள் உள்ளன. வழியில் கண்டால் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்துங்கள்.

புறப்பட முன்னர்

- இடம், நாள், செலவு மூன்றையும் அம்மாவையும் வைத்துக்கொண்டே தீர்மானியுங்கள்.
- வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பட்டியலை மாற்றுங்கள்.
- சமைத்த உணவுக்கான பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். பணம் போதாவிட்டால் நாளைக் குறையுங்கள்.
- வழியில் எங்கெங்கே சுத்தமான மலசலகூடம் உண்டு என்று விசாரியுங்கள். இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பெண்கள் பலர்.
- மாதவிடாய்த் துணி, முதியோரின் மருந்து, பெரியவர்களின் அடையாள அட்டை ஆகியவற்றை ஒரு பையில் வையுங்கள். அந்தப் பையைப் பெரிய பிள்ளை ஒருவர் சுமக்கட்டும்.
- திரும்பி வந்த மறுநாள் துவைக்க வேண்டிய உடுப்பு மலைபோல் இருக்கும். அதற்கும் பெயர் போடுங்கள்.

2018 சுற்றுலாவுக்குப் பிந்திய மாதக் கூட்டத்தில், வழக்கம்போல் அடுத்த முறை எங்கே போவது என்ற பேச்சு வந்தது. கணவன்மார் சிலரும் வந்திருந்தார்கள். ஒருவர் கதிர்காமம் என்றார், ஒருவர் கண்டி என்றார். எப்போதும் "எங்க எண்டாலும் சரி" என்று சொல்லும் அந்த அக்கா கையை உயர்த்தினார்.

"நான் ஒண்டு சொல்லட்டோ மிஸ்? மன்னாருக்குப் போவம். எனக்கு அந்தப் பூநாரையைப் பார்க்க வேணும்."

2019 ஜனவரியில் மன்னாருக்குத்தான் போனோம்.